மூன்றாவது ஏ

எலியாஸ் கார்வர், நாசகாரிக் கப்பல்.
பட்டியலில் எனக்கு ஒதுக்கிய பக்கம்.
கப்பலைப் பற்றி எதுவும் வேண்டாம் என்றுவிட்டார்கள்,
பீரங்கிகளை எழுத வேறு ஆட்கள் உண்டாம்.
வட்டத்தின் விட்டம், மையின் நிறம்,
பக்கத்துக் கோடுகளுக்கு நடுவே என்ன எழுத்து,
அவ்வளவுதான் என் வேலை.

பால்டிமோரில் விடாத மழை.
மேசையில் பதினோரு உறைகள்.

கப்பலின் தபால் நிலையம்
சலவை அறைக்கும் உருளைக்கிழங்குக் கிடங்குக்கும் இடையே
ஆள் உட்கார்ந்தால் கதவு சாத்தாத பொந்து.
உட்கார்ந்தவன் தோர்வால்ட் எக்கன்,
மினசோட்டாக்காரன்.
இடதுகைக்காரனாகவும் இருக்க வேண்டும்,
எல்லா முத்திரையும் ஒரே பக்கம் சாய்கிறது.

எந்தத் துறையில் நங்கூரமோ அந்த ஊரின் பெயரை
ரப்பர் எழுத்துகளாக இடுக்கியில் எடுத்து
வலமிருந்து இடமாகக் கோக்க வேண்டும்.
கடல் பொறுக்காது.
ஓர் உறையில் இரட்டை வட்டம்:
ஒன்று எக்கன் குத்தியது,
மற்றது அலை.

1936 மார்ச், வால்பரைசோ.
அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் மூன்று ஏ.
பெட்டியில் இரண்டுதான் இருந்திருக்கின்றன.
மிச்சமிருந்த ஒரு வி-யைத்
தலைகீழாக நிறுத்திவிட்டான்.
குறுக்குக்கட்டை இல்லாத ஏ.
கடற்படையில் யாருக்கும் தெரியவில்லை.

தெரிந்தது நெப்ராஸ்காவில்,
எந்தத் திசையில் போனாலும் சோளம்தான் வரும் ஆல்டானாவில்,
தானியக் கிடங்கின் எடைச்சீட்டு எழுதும்
இடெல்லா குசெராவுக்கு.
கப்பல் கப்பலாகத் தன் முகவரியிட்ட வெற்று உறைகளை அனுப்பி
முத்திரையோடு திரும்ப வாங்குகிறவள்.
உறை மசங்காமலிருக்க உள்ளே ஓர் அட்டை.
அட்டையில் இப்போதும் படிக்க முடிகிறது:

ஐயா, உங்கள் மூன்றாவது ஏ உண்மையில் ஒரு வி.
இத்துடன் ஓர் ஏ இருக்கிறது.
கிடங்கின் முத்திரைப் பெட்டியில் எடுத்தேன்,
அவர்கள் தேடவில்லை.

மறுபக்கம் பென்சிலில்:
அளவு கொஞ்சம் பெரிது. பரவாயில்லை.

அதன்பிறகு எங்கே நின்றாலும்
குவாண்டனாமோவில், சாண்டா பார்பராவில்,
கூட்டத்தில் ஓர் ஏ மட்டும்
எட்டிப் பார்க்கிறது.
பட்டியல் மொழியில் இதற்குப் பெயர்
இரண்டாம் நிலைக் குறைபாடு.
விலை ஒரு டாலர் கூடும்.

1937 அக்டோபர். கப்பலை ஓய்வுக்கு அனுப்பிய நாள்.
தபால் சேவையின் கடைசி நாள் என்று
நாடெங்குமிருந்து நூற்றுக்கணக்கில் உறைகள்.
நான் பார்த்த அத்தனையிலும் பிலடெல்பியா,
ஓர் உறையைத் தவிர.
அதன் கோடுகளுக்கு நடுவே
ஆல்டானா.
மூன்று ஏ. நடுவில் இருப்பது நெட்டை.

குழுத் தலைவர் முன்பே குறித்து வைத்திருந்தார்:
இடம் அடையாளம் தெரியவில்லை,
கரீபியத் தீவாக இருக்கலாம்.

தேசப்படத்தை விரித்து அளவுகோல் வைத்தேன்.
உப்புத்தண்ணீர் எந்தப் பக்கமும்
எண்ணூறு மைலுக்குக் குறையவில்லை.
ஊர் நடுவே ஓர் ஓடை இருக்கிறது,
வாத்து மிதக்கலாம்.

இருவரும் சந்தித்தார்களா?
என் பக்கத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அவள் அடுத்த ஆண்டும் உறை வாங்கியிருக்கிறாள்,
வேறு கப்பல், நேரான முத்திரை,
குட்டை எழுத்துகள்.
உள்ளே அட்டை காலி.

எங்கள் விதி ஒன்பது சொல்கிறது:
வேறு ஆவணம் இல்லாதபோது
முத்திரையே சான்று.
ஆகவே தலைவரின் வரியை அடித்துவிட்டு
மையால் எழுதுகிறேன்:

ஆல்டானா, நெப்ராஸ்கா.
கப்பல் நின்றது ஒரு நாள்.
மை கறுப்பு. சாய்வு வழக்கம்போல.