உள்நோயாளிகளுக்கு மட்டும்

அட்டையைத்தான் முதலில் வைப்பார் கண்ணாடி மேல்,
பஸ் பாஸ் காட்டுவதுபோல.
"மோளே, இது செல்லுமா பாரு."
செல்லாது என்று நான் சொல்வது
இது பதினாலாவது மாசம்.

ஞானாபரணம் சார்.
தேங்காய்ப்பட்டணம் – மார்த்தாண்டம் வண்டியில்
இருபத்தெட்டு வருசம் கண்டக்டர்.
இப்போதும் கருங்கல் பஸ் ஸ்டாண்டில் யாராவது விசிலடித்தால்
கடைக்குள் நிற்பவர்
எதையாவது ஒரு கையால் பிடித்துக்கொள்வார்.

நெஞ்சைப் பிளந்து தைக்கவேண்டுமா, அட்டை தரும்.
இடுப்பெலும்பை மாற்றவேண்டுமா, தரும்.
கட்டிலில் ஒரு முழு நாள் கிடந்தால் போதும்,
ஆயிரக்கணக்கில் தரும்.
முட்டுக்கு மாட்டும் உறைக்குத் தராது.
தைலத்துக்கு, இசப்கோலுக்கு, கண்ணில் விடும் சொட்டுக்கு,
பல்செட்டை ஒட்டவைக்கும் பசைக்கு,
வீட்டில் நேசபாய் அம்மாவுக்கு வாங்கும் டயப்பருக்கு
கிடையாது.

"அப்போ விழுந்தாத்தான் காசு.
விழாம நிக்கதுக்கு நம்ம கைக்காசு.
அப்படித்தானே?"
கேட்டுவிட்டுச் சில்லறையை எண்ணுவார்,
அஞ்சு ரூபாய் தனியே, ரெண்டு ரூபாய் தனியே அடுக்கி.
நான் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருப்பேன்
பதில் அதற்குள் இருப்பதுபோல.

ஜூன் மழையில் ஒரு நாள்
பில்லையெல்லாம் ஃபைலில் கோர்த்து
நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார், குறைதீர் கூட்டத்துக்கு.
பதினோராயிரத்து இருநூற்று அறுபத்தெட்டு.
கூட்டலில் ஒரு பைசா பிசகில்லை என்று
அங்கே இருந்த பெண்ணே சொன்னாளாம்.
சொல்லிவிட்டு, கூட்டல் எழுதிய இடத்திலேயே
முத்திரை குத்தினாளாம்:
உள்நோயாளிகளுக்கு மட்டும்.

திரும்பி வந்து இறங்கியபோது தலை முதல் கால்வரை ஈரம்.
ஃபைலைச் சட்டைக்குள் வைத்திருந்தார்.
வயிற்றில் மட்டும் ஒரு சதுரம் காய்ந்திருந்தது.

"இனி பில் வேண்டாம்லா சார்?
யாரு கேக்கப் போறா?"
"ஏறினவனுக்கு டிக்கெட் கிழிக்கணும் மோளே,
செக்கிங் வந்தாலும் வராட்டாலும்."
நீளவாக்கில் மடித்து விரலிடுக்கில் செருகிக்கொண்டார்,
முன்பு பத்து ரூபாய் நோட்டுகள் நின்ற இடுக்கு.

இந்தச் செவ்வாய்க்கிழமை
தைலம் வேண்டாம் என்றார்.
போன டப்பாவில் அடி கிடக்கிறதாம்,
ஈர்க்குச்சி விட்டு எடுத்துக்கொள்வாராம்.
டயப்பர் எடுத்தேன், வழக்கமான எல் சைஸ்.
"எம் தா," என்றார்,
மேல்தட்டில் இருந்த பால்பவுடர் டின்னைப் பார்த்தபடி.
"எல் இப்போ நழுவி நழுவி இறங்குது."

எம் சைஸ் பாக்கெட்டுக்கு நாற்பது ரூபாய் குறைவு.
பில்லை வாங்கி இரண்டு தடவை படித்தார்.
என் பேனாவைக் கேட்டு வாங்கி
ஓரத்தில் சின்னதாக எழுதினார்,
வரவு 40.