எந்த வருடத்து முழங்கால்

கௌனாஸ் நகர டிராலிபஸ் பணிமனை.
கடைசி வண்டி ஒரு மணிக்கு வந்து சேரும்.
அதன்பின் நாலரை வரை
எங்களுக்கும் பனிக்கும் வேறு வேலை கிடையாது.

பழைய நேர அட்டவணை ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு
அதன் வெள்ளை முதுகில்
ஐந்து கட்டம் வரைகிறான் வைடோட்டாஸ்.
விதி இவ்வளவுதான்:
மூடிப்போன நெசவாலையின் கூடைப்பந்து அணிக்கு
ஒரு சீசனாவது ஆடியிருக்க வேண்டும்.
உயிரோடு இருக்கிறவன், செத்துப்போனவன், பேதமில்லை.
அவன் வாழ்வில் உனக்குப் பிடித்த வருடத்தை
நீயே எடுத்துக்கொள்ளலாம்.

வைடோட்டாஸ் எடுத்த ஐந்து பேரும்
கூடையைக் கண்டால் கை பரபரக்கிறவர்கள்.
எழுபத்தெட்டாம் வருடத்து ஸ்டோனிஸ்,
அவனுக்குக் கீழே அவனைப் போலவே நால்வர்.
ஓரத்தில் கூட்டிப் பார்த்து
"நூற்றிருபது புள்ளி நிச்சயம்" என்கிறான்.

"பந்து எத்தனை?"
ஒலிவாங்கியிலிருந்து தலையைத் திருப்பாமல் கேட்கிறாள்
ஸ்கிர்மான்டே.

பந்து ஒன்று. பந்தியில் ஐவர்.
எல்லாரும் பல்லக்கில் ஏறிவிட்டால்
தூக்குகிறவன் எவன்?

ரப்பரால் அழித்தோம். தாள் மெலிந்து
மறுபக்கம் தெரிந்தது: 5.42, பாலம் நிறுத்தம்.

எய்மான்டாஸ் ஐந்து நெட்டையர்களை நிறுத்தினான்.
அவர்கள் பந்தைத் தட்டித் தட்டி
இந்தப் பக்கம் கொண்டுவருவதற்குள்
ஆற்றில் பனி உருகி ஓடிவிடும் என்றோம்.
கோபித்துக்கொண்டு தேநீர் வைக்கப் போனான்.

என் முறை.
பந்தைப் பகிர்ந்து கொடுக்க கரோசாஸ்,
எண்பத்துமூன்றாம் வருடத்தவன்.
எண்பத்துநாலில் குடிக்கத் தொடங்கிவிட்டான்.
ஒருவனுடைய ஒரு வருடத்தை மட்டும் கத்தரித்தெடுப்பது
காகிதத்தில் எவ்வளவு லேசாக இருக்கிறது.
அவன் மனைவிக்கு அந்த வசதி இருக்கவில்லை.

ஸ்டோனிஸ் இருக்கட்டும், எறிய ஒருவன் வேண்டும்.
தவறிய பந்தைப் பிடுங்க, முழங்கை கூர்மையான உர்பேலிஸ்.
எதிராளியின் மூச்சிலேயே குடியிருக்க ஜெம்குலிஸ்.
நான்கு கட்டம் நிரம்பிவிட்டது.
ஐந்தாவதில் எந்தப் பெரிய பெயரை வைத்தாலும்
தராசு ஒரு பக்கம் சாய்கிறது.

ஸ்கிர்மான்டே எழுந்து வந்தாள்.
என் கையிலிருந்த பென்சிலை வாங்கி எழுதினாள்:
கோந்த்ராடாஸ்.

மூலையில் புகைமீனும் கருப்பு ரொட்டியும் தின்றுகொண்டிருந்த
மின்கல அறைக் கோந்த்ராடாஸ்
தலை நிமிரவில்லை.

"முழு சீசனுக்கும் மூன்று புள்ளி!" என்றான் வைடோட்டாஸ்.
"ஆமாம்" என்றாள்.
"ஆனால் கதவு மாதிரி நிற்பான்.
துரத்தி வருகிறவன் இவன்மேல் மோதி விழுவான்.
எறிகிறவன் தனியாக நிற்பான், கைதட்டல் அவனுக்குப் போகும்.
அரங்கில் பந்தைப் பார்க்காதவள் நான் ஒருத்திதான்."
சொல்லிவிட்டு
காது சிவக்க அடைப்புக்குள் போய்விட்டாள்.

கோந்த்ராடாஸ் நிதானமாக மென்றான்.
ஒரு முள்ளை எடுத்துத் தட்டோரம் வைத்தான்.
"எந்த வருடத்து முழங்கால்?"

"தொண்ணூற்று நாலு. நவம்பர் வரைக்கும்."

"நவம்பர் என்றால்?"

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து பதில்:
"பத்தொன்பது. சனிக்கிழமை."

"அப்படியானால் பதினெட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்."

சிரிக்கலாமா என்று தெரியாமல்
வைடோட்டாஸ் அட்டவணையின் மூலையைச் சுருட்டினான்.
யாரோ ஒலிபெருக்கியில் இருமினார்கள்.
கொதிகலன் அணைந்து, மறுபடி பற்றிக்கொண்டது.

கோந்த்ராடாஸ் கையைத் துடைத்துக்கொண்டு மேசைக்கு வந்தான்.
ரொட்டித் துணுக்குகளை ஐந்து இடத்தில் வைத்து
தனக்கு மட்டும் உப்புக்குப்பியை வைத்தான்.
நெடுநேரம் பார்த்தான்.

"இந்த ஸ்டோனிஸ்,
நான் பிறந்து நடக்கும் முன்பே ஆடியவன்.
பார்த்ததில்லை.
எந்தப் பக்கம் திரும்பி எறிவான்?"

இடப்பக்கம் என்றோம், எல்லாரும் ஒரே சமயத்தில்.

உப்புக்குப்பியை
அரை விரல் நகர்த்தி வைத்தான்.