பன்னிரண்டாவது சிரிப்பு

கோமாரிக்குப் படம் பிடிக்க வந்தவர்கள்
நாலு பெண்பிள்ளைகளைக் கேட்டார்கள்.
சவுக்கு மரங்களுக்குள்ளிருந்து ஓடிவந்து
பாவாடை நனையக் கடலில் இறங்க வேண்டும்,
அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்றவர்களுக்குத் தெரியாது,
பெரியபிள்ளையான பிறகு
நாங்கள் ஒருத்தியும் அலையில் கால் வைத்ததில்லை.
கடல் வீட்டிலிருந்து முன்னூறு யார்.
மீன் வாங்கப் போவோம். சைக்கிளை மணலில் சாய்த்துவிட்டு
கரைவலைக்காரருக்குத் தள்ளி நிற்போம்.
வாங்கினதும் கிறுகிவிடுவோம்.

கேதுஷா இடுப்பளவுக்குப் போனாள்.
கயிறு கட்டிய இடம் தாண்டியும் போனாள்.
"கட்" என்று கத்தினார்கள்,
மறுகா பேர் சொல்லிக் கத்தினார்கள்.
அவள் திரும்பி, வாய் நிறைய உப்புத்தண்ணியோடு சிரித்தாள்.
அந்தச் சத்தத்தைக் கச்சான்
கடலுக்குள் கொண்டுபோய்விட்டது.
மைக்கில் வெறும் காற்று.

அடுத்த நாள் அவளை அப்பா விடவில்லை.
ஈர உடுப்போடு மகள் நின்றதை
ஊரில் யாரோ ஃபோனில் எடுத்திருந்தார்கள்.
என்னைக் கூட்டிப்போனார்கள்.
பள்ளிக்கூடத்தின் பின்வகுப்பு. ஜன்னலில் போர்வை.
ஃபேனை நிறுத்திவிட்டு
"சிரிங்க தங்கச்சி" என்றான் சத்தம் பிடிக்கிற பொடியன்.
பதினொரு தரம் சிரித்தேன்.
பதினொன்றும் பரிசளிப்பு விழாச் சிரிப்பு.
முதுகில் வியர்வை ஓட,
ஆளில்லாத அறையில் சந்தோசமாயிரு என்கிறார்களே என்று
அழுகைதான் வந்தது.
வருகிற வழியில் அது எங்கேயோ வழுக்கி
வேறொன்றாகிவிட்டது.
"ஓகே" என்றான்.
நெக்டோ ஒன்று உடைத்துத் தந்தான்.

மூன்று வருசம் கழித்துப் படம் வந்தது.
பள்ளி மண்டபத்தில் வெள்ளைச் சீலை கட்டிக் காட்டினார்கள்.
நான் ஓடியதை வெட்டியிருந்தார்கள்;
என் முழங்கை ஒன்று வருகிறது, இடப்பக்கம், அரை செக்கன்.
கேதுஷா வந்தாள். கூரையளவு கேதுஷா.
திரும்பி, முகத்து மயிரை ஒதுக்கி,
என் தொண்டையால் சிரித்தாள்.

முன்வரிசையில் அவளுடைய அம்மா எழும்பிவிட்டா.
"பாத்தீங்களா, என்ட புள்ள இப்பிடித்தான் சிரிக்கிறவள்!"
இருந்தவர்களின் தோளைத் தட்டித் தட்டிச் சொன்னா.
ஜோர்தானில், தையல் ஆலையில்,
அந்த நேரம் வேலை முடிந்திருக்காது.
வெள்ளிக்கிழமைகளில் வீடியோவில் வருவாள் கேதுஷா.
சம்பளம் சொல்வாள், குளிர் சொல்வாள்,
தம்பியின் சோதனை முடிவு கேட்பாள்.
சிரிக்கிறதில்லை.

வெளியே வரும்போது மாமி கையைப் பிடித்தா.
"நீயும் நடிச்சநீதானேகா? உன்னக் காணல்லியே?"
"வெட்டிப்போட்டாங்க மாமி."
"பாவம்" என்றா, இன்னும் சந்தோசமாக.

அதற்குப் பிறகு அந்த வேலியடியால் போகையில்
யார் பகிடி சொன்னாலும்
உதட்டைக் கடித்துக்கொண்டு சைக்கிளை மிதிக்கிறேன்.

நேற்று முடியவில்லை.
வெடித்துவிட்டது.
உள்ளே
சட்டி கழுவுகிற சத்தம் நின்றது.