எந்தப் பக்கம் ஈரம்

நிலவறைக்குள் சுவர் எழுப்பி
எட்டு மாதம்கூட ஆகவில்லை.
ரேனால் தானே அறுத்து, தானே அறைந்து,
வெண்ணெய் நிறம் பூசிய சுவர்.

ஏப்ரலில் வினிபெக் பனி இளகத் தொடங்கியதும்
சோபாவுக்குப் பின்னால் ஒரு வாடை,
பிழிந்து வைத்து மறந்துபோன துணியின் வாடை.
"உன் மூக்குக்கு மட்டும்தான் ஸொலாஞ்ச்" என்றான்.
மூன்று வாரம் என் மூக்குக்கு மட்டும்தான்.

பிறகு அடிப்பலகை வீங்கியது.
பெயிண்ட் கொப்புளம் கட்டியது.
விரலால் அழுத்தினேன்,
டீயில் ஊறிய ரஸ்க் மாதிரி
சுவர் உள்ளே போனது.

ஆற்றங்கரைக் களிமண், அது கசிகிறது என்றேன்.
உன் துணி உலர்த்தும் மெஷின், அது கக்குகிறது என்றான்.
ஞாயிற்றுக்கிழமை, பேச்சில்லாமல்,
முழங்கால் உயரத்துக்கு வெட்டித் திறந்தோம்.

நனைந்த பூனையாய்ச் சுருண்ட கண்ணாடிப் பஞ்சு.
பிளாஸ்டிக் விரிப்பின் மறுபுறம் வியர்வை மணிகள்.
மரச்சட்டத்தில் கறுப்பாக,
யாரோ எள் இறைத்ததுபோல்.
குளிருமே என்று போர்த்திவிட்ட சுவர்
மூச்சு முட்டிக் கிடந்திருக்கிறது.

ஹார்டுவேர் கடை ஒடெட் சொன்னாள்:
வெறும் கான்கிரீட்டில்
ஒரு சாண் அலுமினியத் தாள் ஒட்டு.
நான்கு ஓரமும் டேப்.
இரண்டு நாள் தொடாதே.
சுவர்ப்பக்கம் நனைந்தால் மண்ணின் தண்ணீர்.
அறைப்பக்கம் நனைந்தால் உங்கள் தண்ணீர்.

அந்த இரண்டு நாளும்
மெஷினை நான் போடவில்லை.
கொல்லைக் கொடியில் அவன் சட்டைகள்
அப்பளமாய் விறைத்துத் தொங்கின.
ராத்திரி ஜன்னலில் பார்க்கிறேன்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
சுவரோரத்துப் பனியை அவன் வாரிக்கொண்டிருக்கிறான்.
கூரைநீர்க் குழாய் கழன்று
அஸ்திவாரத்தின் காலடியிலேயே
குளிர்காலம் முழுக்கக் கொட்டியிருக்கிறது.
அதை என்னிடம் சொல்லவில்லை.
சட்டைகளைப் பற்றி நானும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் தாளை உரித்தான்.
இரண்டு பக்கமும் ஈரம்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்,
மூன்றாவதாக ஒரு பக்கம்
இருந்துவிடாதா என்பதுபோல்.

குழாய்க்கு இப்போது ஆறடி நீட்டிப்பு.
மெஷினின் காற்றுக்கு வெளியே ஒரு வாய்.
அடுத்த கோடை வரை
சுவர் அரைநிர்வாணமாக நிற்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.
வாடகை ஈரநீக்கி ராவெல்லாம் முனகுகிறது.
காலையில் வாளியில் நான்கு லிட்டர்.
முதலில் எழுபவர் கொட்டவேண்டும்.
கொட்டும்போது, ஒவ்வொரு நாளும்,
அதை ஒருமுறை மோந்து பார்க்கிறேன்.