நூற்றுப்பதினாலாம் கதிரை

என் கொப்பியில் ஆட்களுக்குப் பெயர்,
கதிரைகளுக்கு இலக்கம்.
ஒன்றிலிருந்து இருநூற்று நாற்பது வரை
முதுகுப்புறம் சிவப்புப் பெயின்றில் நானே எழுதினேன்,
பல் தீட்டித் தேய்ந்த பிரஷ்ஷால்.
ஏழுகள் எல்லாம் கொஞ்சம் சரிந்திருக்கும்.

டைக் வீதியில் கடை. வெள்ளைப் பிளாஸ்ரிக்.
நாளுக்குப் பதினைந்து ரூபா, கால் உடைந்தால் வேறு கணக்கு.
கொப்பியில் மூன்று கோடு கீறியிருக்கிறேன்:
எடுத்தவர், எத்தனை, என்ன வீடு.

கதிரை என்ற சொல்லே கப்பலில் வந்ததாம்.
பாலையூற்று ஜெனிவீவ் அன்ரி சொன்னா,
மகளின் ரிசப்ஷனுக்கு நூற்றிருபது கேட்டு வந்த அன்று.
கோயிலை இடித்த கல்லில்
கோட்டை கட்டியவன்
இருப்பதற்கும் ஒரு சொல்லைத்
தந்துவிட்டுப் போயிருக்கிறான்.
சொல்லிச் சிரித்துவிட்டு விலை குறைக்கச் சொன்னா.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்:
ஆட்கள் கூடுவதால் கதிரை வருவதில்லை.
நிமலரூபன் லான்ட்மாஸ்ரரை நிறுத்தி
அடுக்கடுக்காய் இறக்கும்வரை
அழுகிற வீடு வெறும் வீடுதான்.
ஐம்பதை மாமர நிழலில்
எதையும் பாராமல் போட்டவுடன்
அது செத்தவீடு.
அதே ஐம்பது, மேடையைப் பார்த்தால் தேர்தல்.
ஒன்றையொன்று பார்த்தால்
பெண் பார்க்க வந்திருக்கினம்.
வட்டமாய்ப் போட்டால்
கொழும்பிலிருந்து ஆரோ வந்து
மனதில் உள்ளதைச் சொல்லுங்கோ என்று
கேட்கப் போகினம்.

அப்படி ஒரு வட்டத்தில் நானும் இருந்தேன்,
கடல் வந்துபோன அடுத்த மாதம்.
என் முறை வந்தபோது
கைபிடி விளிம்பில் ஒரு பிசிறு;
அதையே நகத்தால் கிள்ளிக்கொண்டிருந்தேன்.

நூற்றுப்பதினாலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

போன வெள்ளி, கோட்டை வாசலுக்குக் கிட்ட
ஒரு பிள்ளையின் முதலாம் பிறந்தநாள்.
மிச்சச் சோற்று மணத்துக்கு வந்த கொம்பன் மான்
அடுக்குக்குள் தலையை விட்டிருக்கிறது.
கைபிடி இடுக்கில் கொம்பு.
உதறியது. கழரவில்லை.
இன்னும் உதறியது. பிறகு,
வேறு வழியில்லாதவர்கள் செய்வதுபோல,
அப்படியே நடக்கத் தொடங்கியது.

பஸ் நிலையத்தைக் கடந்து நடந்தது.
திரீவீல்காரர் ஹோர்ன் அடிக்கவில்லை,
பொலிஸ்காரர் ஒருவர் மற்ற வாகனங்களை மறித்தார்.
சிம்மாசனம் சுமக்கும் ராசா என்று
படத்துக்குக் கீழே ஆரோ எழுதியிருந்தார்கள்.
எனக்கு ராசா தெரியவில்லை.
விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்:
ஒன்று, ஒன்று, நாலு.
“எங்கட கதிரை” என்றேன்.
நிமலரூபன் சிரித்த சிரிப்பில்
தேத்தண்ணி கொப்பியில் கொட்டியது,
கிண்ணியா ஸபூரா வீட்டு நிக்காஹ் பக்கத்தில்.
கறை இன்னும் இருக்கிறது.

விடிய டச்சு விரிகுடாவில் கிடைத்தது.
மான் எங்கே எப்படிக் கழற்றியதோ,
ஆர் நிமிர்த்தி வைத்ததோ,
நாலு காலும் மணலில் புதைந்து
கடலைப் பார்த்தபடி ஒற்றைக் கதிரை.

எத்தனையோ விதமாய்ப் போட்டிருக்கிறோம்.
இப்படி ஒருநாளும் போட்டதில்லை.
இது என்ன வீடு?

முன்கால் ஒன்றில் மயிரிழை வெடிப்பு.
பாரம் தாங்குமோ என்று பார்க்க
மெல்ல இருந்தேன்.
தாங்கியது.
தூரத்தில் வள்ளம் ஒன்று எஞ்சினை நிறுத்தியது,
அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகும்
கொஞ்சநேரம் இருந்தேன்.
அந்தப் பக்கம் பார்த்து நான் இருந்து
எத்தனை வருசம் என்று எண்ணவில்லை.

கடைக்கு வந்து எழுதினேன்.
எடுத்தவர்: மான். எத்தனை: ஒன்று.
மூன்றாவது கோட்டுக்குள்
பேனையை வைத்தேன், எடுத்தேன்.
பதினைந்து ரூபாயை என் பேர்சிலிருந்து லாச்சிக்குள் போட்டேன்.
கணக்கு கணக்குத்தானே.