முன்பாதி, பின்பாதி

ஒரு மில்லி ரத்தத்தில் முப்பத்தேழு லட்சம்.
"ஜார்ஜியாவின் ஜனத்தொகை" என்று சிரித்தாள்
குட்டாயிசி ஆய்வகத்து நானுலி.

முதல் சோதனை இரண்டாம் வகை என்றது.
மறுசோதனை, ஒன்று.
"இரண்டும்தான். முன்பாதி அது, பின்பாதி இது.
யாரோ ஒருவர் ரத்தத்தில்
சந்தித்து ஒட்டிக்கொண்டிருக்கின்றன."

தொண்ணூற்று மூன்று.
மின்சாரம் செத்துப்போன பனிக்காலம்.
ஒரு மெழுகுவத்தி, ஒரே ஊசி;
முதலில் மமூக்கா,
துடைத்துவிட்டு நான்.
அவன் வயிறு ஊதிச் செத்து
பதினோரு வருஷம்.

பன்னிரண்டு வாரம் மாத்திரை.
அப்புறமும் காத்திருந்து எடுத்த ரத்தம்.
இன்றைய தாளில்:
கண்டறியப்படவில்லை.
நானுலி கைகொடுத்தாள். கொடுத்தேன்.

வெளியே ரியோனி ஆறு
கலங்கி ஓடுகிறது.
தாளை நாலாய் மடிக்கிறேன்.
மமூக்கா எனக்கு விட்டுப்போனது
அது ஒன்றுதான்.

அப்புறம் இந்தக் கோட்டு.
பொத்தான் இல்லை.