வியாழனுக்கு ஒரு புள்ளி

அன்செல்மோ கிலோத்ரான் வந்தபோது
அவருக்கு முன்னால் அவர் கழுத்து வந்தது.
வால்பரைசோ துறைமுகத்தில்
இருபத்தாறு வருஷமாய்க் கிரேன் ஓட்டுகிறார்.
காலடியில் கண்ணாடித் தரை,
அதற்குக் கீழே கப்பல்.
தன் இரு முழங்கால்களுக்கு நடுவே
நாளெல்லாம் உலகத்தைக் குனிந்து பார்க்கிற வேலை.

"நாற்பது டன் தூக்குகிறேன்" என்றார்.
"நேற்று குளியலறையில்
விழுந்த சோப்பை எடுக்க
மனைவியைக் கூப்பிட்டேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாள் எடுத்தார்.
மைத்துனன் எழுதிக் கொடுத்த அட்டவணை.
ஏழு நாளும் ஓட்டம், ஏழு நாளும் பளு,
ஓரத்தில் மூன்று ஆச்சரியக்குறிகள்.
ஒன்பது நாள் செய்திருக்கிறார்.
பத்தாம் நாள்
ஓட்டக் காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு
அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசக்கூடாது என்றாராம்.

நான் தாளைத் திருப்பினேன்.
பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

எத்தனை கிலோ என்று கேட்கவில்லை.
எத்தனை படி என்று கேட்டேன், வீட்டுக்கு.
நூற்றுப் பதினெட்டு.
எப்போது கடைசியாக ஏறினீர்கள்?
தண்டவாளத்தில் ஏறும் மரப்பெட்டி இருக்கிறதே, என்றார்,
எதற்குக் கால்?

திங்கள்: பாதிப் படிகள். மீதிக்கு மரப்பெட்டி.
வழியில் ரொட்டிக்கடை நியேவெஸ் எதிர்ப்பட்டால்
அவள் பூனையின் நலம் விசாரிக்க
மூச்சு மிச்சமிருக்க வேண்டும்.
இல்லையென்றால் வேகம் அதிகம்.
செவ்வாய்: சுவரைத் தள்ளுவது, நாற்காலியிலிருந்து
கை ஊன்றாமல் எழுவது.
முன்பக்கம் இருபத்தாறு வருஷம் சுருங்கியிருக்கிறது;
எனவே முதுகுக்கு இரண்டு பங்கு, நெஞ்சுக்கு ஒன்று.
புதன் கடலோரம் நடை,
காற்று எதிரே அடித்தால் திரும்பி வரலாம், தப்பில்லை.

வியாழனில் ஒரு புள்ளி வைத்தேன்.

"இது என்ன?"
ஒன்றுமில்லை.
"ஒன்றுமில்லாததற்கா உனக்குக் காசு?"
மற்றதை மைத்துனனே சொல்வான், என்றேன்.
உங்கள் கிரேனின் வடத்துக்கு
எண்ணெய் போடுகிற நாள் உண்டா?
"மாதம் இரண்டு. அன்று
ஒரு பெட்டி தூக்கினாலும் சீட்டுக் கிழியும்."
சொல்லிவிட்டுப் புள்ளியைப் பார்த்தார்.
சிரிக்கவில்லை. தாளை மடித்தார்.

மெய் என்று இருந்தால்
அதன் தலையில் எங்காவது
ஒரு புள்ளி வேண்டும்.
நாற்பது வயதில் இது எனக்குத் தெரியாது.
இடது முட்டி சொல்லிக் கொடுத்தது,
கட்டணம் கொஞ்சம் அதிகம்.

பதினொரு மாதம் ஆளைக் காணோம்.
நின்றுவிட்டார் என்று நினைத்தேன்;
பாதிப் பேர் நிற்பார்கள்,
அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை,
எழுதிக் கொடுத்தவர்கள் மேல்தான்.

மழை பிடித்த ஒரு ஜூலைக் காலை
அதே தாளோடு வந்தார்.
மடிப்புகளில் கிழிந்து
நான்கு இடத்தில் ஒட்டுநாடா.
என் எழுத்தின் மேல் அவருடைய பென்சில்:
இரவு ஷிஃப்டுக்காக செவ்வாய் புதனாகியிருக்கிறது.
சனிக்கிழமையில் "குவெக்கா, மனைவியோடு,
கைக்குட்டை சுற்றும் கை வலது".
மே மாதத்தில் வேலைநிறுத்தம், மூன்று வாரம் வெறும் கோடு.
அதற்கடுத்து நான் சொல்லாத ஒன்று:
"விட்ட இடத்திலிருந்து தொடங்காதே.
இரண்டு படி கீழிருந்து."

அதை அப்படியே திருடிக்கொண்டேன்.
இப்போது எல்லாருக்கும் எழுதித் தருகிறேன்.

வியாழனில் என் புள்ளி அப்படியே இருந்தது.
பலமுறை அழுத்தி எழுதியதில்
தாள் அங்கே ஓட்டையாகிவிட்டது;
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால்
அந்த வழியாகத் துறைமுகம் தெரிந்தது.

குனியச் சொன்னேன்.
குனிந்தார், முழங்கால் கொஞ்சம் மடங்கியது,
கணுக்காலோடு விரல்கள் நின்றன.
"பாதம் இன்னும் எட்டவில்லை" என்றார்
தலைகீழாக.
"சோப்பு எட்டுகிறது."